குகை மீனுக்கு வைத்த கண்

பிப்ரவரி 6

மீன்கார அக்காவுக்கு,

போன் பண்ணாதே. நேற்று இரண்டு தடவை அடித்தாய், வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. உன் பெயர் திரையில் வந்தாலே டீச்சர் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடுகிறாள். கட்டிக்கொண்டவன் டீச்சர் என்று கூப்பிட்டால் சிரிப்பவள், இப்போது எதற்கும் சிரிப்பதில்லை. அதனால்தான் கடையில் ஒயர் சுருளுக்கு நடுவே உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறேன். நீயும் எழுது. கடை முகவரிக்கே அனுப்பு.

அன்றைக்கு ஸ்கேன் முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே உனக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. "பிள்ளைக்குக் கண்ணு ரெண்டும் உருவாகலையாம்க்கா, குழி மட்டும் சின்னதா இருக்காம்" என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, "அப்படியா, ஆச்சரியமா இருக்கே, எங்க குகை மீன் மாதிரியே" என்றாய். உனக்கு அது வாயில் வந்த பேச்சு. அவளுக்கு ஏழாவது மாசம். கணக்கு டீச்சர் இல்லையா, ஒரு சொல் விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறாள். "உங்க அக்காவுக்கு என் பிள்ளை மீனாம்" என்று வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

முந்தின ஸ்கேனில் பிள்ளை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்ததாம். "உங்களை மாதிரியே பிடிவாதம்" என்று டீச்சர் என்னைக் கேலி செய்தாள். அதனால்தான் அப்போது கண்ணைப் பார்க்க முடியாமல் போயிருக்கிறது.

புது வருஷத்துக்கு உன் ஆய்வகத்திலிருந்து நீ அனுப்பிய போட்டோ கடைச் சுவரில் இன்னும் இருக்கிறது. வெளிறிப்போன குகை மீன். ஒரு பக்கம் வெறும் தோல், மறு பக்கம் கறுப்பாக ஒரு கண். பின்னால் "நான் வைத்த கண்" என்று எழுதியிருந்தாய். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் எங்க அக்கா வைத்தது என்று பீற்றிக்கொண்டிருந்தேன். ஆகவே சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். மீனுக்கு வைத்தாயே, என் பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

ஃப்யூஸ்


பிப்ரவரி 17

அன்புள்ள ஃப்யூஸ்,

இரண்டு பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன். ஒன்றில் வெறும் மன்னிப்பு, இன்னொன்றில் வெறும் பாடம். இதில் இரண்டும் கலந்து வரும், பொறுத்துக்கொள்.

எனக்குப் பயம் வந்தால் வாயில் பாடம் வரும். உனக்குத் தெரியாதா? நீ சின்ன வயதில் வீட்டு ஃப்யூஸைப் போக்கிவிட்டு அழுதுகொண்டு நின்ற அன்றைக்கும் மின்மினிப் பூச்சிக்கு எப்படி வெளிச்சம் வருகிறது என்று நான் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பயம் எனக்கு இருட்டு என்றால். இதை டீச்சரிடம் சொல்ல முடிந்தால் சொல். பிள்ளையை அப்படிச் சொன்னதற்கு அவள் என்னைத் திட்டினாலும் நான் கேட்டுக்கொள்வேன்.

அந்த மீனைப் பற்றி நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. அவற்றின் முன்னோர் ஆற்றில் கண்ணோடு இருந்தவை. குகைக்குள் போன வம்சத்துக்குக் கண் போய்விட்டது. ஆனால் இன்றைக்கும் முட்டைக்குள் ஒவ்வொரு குகை மீனும் கண் கட்டத் தொடங்குகிறது. ஒரு நாள் வயதில் ஆற்று மீனையும் அதையும் பக்கத்தில் வைத்தால் அதற்கும் கண் இருக்கும். பிறகு உள்ளே லென்ஸ் செத்துப்போகிறது. மீதிக் கண் சுருங்கி உள்ளே போக, மேலே தோல் மூடிவிடும்.

நான் செய்வது அந்த ஒரு நாள் வயதில். கரு கடுகளவு இருக்கும். ஆற்று மீன் கருவிலிருந்து லென்ஸை ஊசி முனையால் எடுத்துக் குகை மீன் கருவுக்குள் ஒரு பக்கம் வைப்பேன். அந்தப் பக்கம் கண் வளரும். அந்த வயதில் வைத்தால் மட்டும்தான் வளரும்.

உன் பிள்ளை விஷயத்தில் உடனே எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் ஆய்வகத் தலைவிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் பலரைத் தெரியும். அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். டீச்சரை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

அக்கா


பிப்ரவரி 28

அக்கா,

"கேட்டுப் பார்க்கிறேன்" என்று நீ எழுதிய இடத்தை டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டதும் எழுந்துபோய்த் தட்டில் போட்டுச் சாப்பிட்டாள். பல நாளுக்குப் பிறகு உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். மின்மினிக் கதையைச் சொன்னதற்கு, "அக்காவும் தம்பியும் ஒரே அச்சு, நேரா ஒண்ணு பேசத் தெரியாது" என்றாள். உன்மேல் பாதிக் கோபம் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்.

தொட்டில் அறைக்கு நான் ஒரு விளக்கு மாட்டியிருந்தேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், பிள்ளை கண் கூசாது. ஸ்கேன் பார்த்து வந்த அன்றே கழற்றச் சொன்னாள், கழற்றினேன். நேற்று, "அதைத் திரும்ப மாட்டிடுங்க" என்றாள். உடனே ஏணி போட்டு ஏறி மாட்டிவிட்டேன்.

"அந்த வயதில் மட்டும்தான்" என்று எழுதியிருக்கிறாய். இதே பேச்சைத்தான் மேஸ்திரிகள் தினமும் என்னிடம் பேசுகிறார்கள். "கான்கிரீட் போட்டாச்சுப்பா, இனி பைப் விட முடியாது" என்பார்கள். வீட்டுக்காரர் வந்து நின்று இந்த மூலையில்தான் ஃபேன் வேண்டும் என்பார். என்ன செய்கிறோம்? சுவரை வெட்டி, பைப் பதித்து, பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். அப்புறம் பார்த்தால் வெட்டிய இடமே தெரியாது. கஷ்டம் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். முடியாது என்று மட்டும் சொல்லாதே.

பிரசவத்துக்கு உன் ஊருக்கே வந்துவிடுகிறோம். டீச்சர் பள்ளிக்கூடத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். பிறந்த அன்றே செய்ய வேண்டுமா, ஒரு மாதம் போகலாமா என்று உங்கள் தலைவியிடம் கேட்டு எழுது. லென்ஸ் என்னிடமிருந்து எடுக்கலாம் என்றால் எடுக்கட்டும். ஒரு கண்ணோடு ஒயர் இழுக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்.

ஃப்யூஸ்


மார்ச் 10

தம்பி,

வராதீர்கள். டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு.

முடியாது என்பதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பேனா அங்கே நின்றுவிட்டது, கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுதி உறையை ஒட்டிவிட்டேன். கேட்பதற்கு முன்பே எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் தலைவியிடம் கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

சுவரை உன்னால் வெட்ட முடியும், ஏனென்றால் நீ சுவருக்கு வெளியே நிற்கிறாய், ஒயர் எங்கே போக வேண்டும் என்றும் உனக்குத் தெரியும். கருவுக்கு வெளியே அப்படி ஆள் கிடையாது. பக்கத்தில் இருப்பது சொல்வதைக் கேட்டுத்தான் ஒவ்வொரு செல்லும் அடுத்த வேலையைச் செய்கிறது. மூளையின் ஓரம் மொட்டுப் போலத் துருத்தி வந்து தோலைத் தொடும். தொட்ட இடத்தில் தோல் லென்ஸாகும். லென்ஸ் திருப்பிச் சொல்ல, அந்த மொட்டு குழிந்து கண்ணாகும். இந்தப் பேச்சு ஒரு தடவைதான் நடக்கும். நடக்காமல் போனால், கேட்டிருக்க வேண்டிய செல்கள் எல்லாம் வேறு வேலைக்குப் போய்விடும். பிறகு யார் வந்து எதை வைத்தாலும் அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை.

பரிணாமம் என்று நாங்கள் சொல்வதும் பெரும்பாலும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் கை வைக்கிறது. வளர்ந்த மீனைப் பிடித்து அது மாற்றுவதில்லை, மீன் வளரும் வழியை மாற்றுகிறது. ஈக்கும் மீனுக்கும் நமக்கும் கண் வேலையைத் தொடங்கிவைக்கிற ஜீன் கிட்டத்தட்ட ஒன்றேதான். உன் பாஷையில் பழைய மேஸ்திரி. புது மேஸ்திரியைக் கூட்டி வருவது அபூர்வம், பழையவர்கள் எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் சத்தம் போடுவது என்பதுதான் மாறும். குகை மீனில் முகத்தின் நடுக்கோட்டிலிருந்து வரும் ஒரு சத்தம் கொஞ்சம் அகலமாகப் பரவிவிட்டது. அதனால் தாடை பெரிதானது, சுவை அறியும் மொட்டுகள் கூடின, கண் போனது. அது இருட்டில் இரை தேட உதவியிருக்கும், அந்த வம்சம் பிழைத்து நின்றது. ஆனால் அந்த வம்சத்தாலும் நினைத்ததையெல்லாம் செய்ய முடியவில்லை பார். இத்தனை தலைமுறை இருட்டில் கிடந்தும், கண்ணைத் தொடங்காமல் ஒரு மீனை உருவாக்க அதற்கு வழியில்லை. கண்ணின் தொடக்கம் மூளையின் தொடக்கத்தோடு ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டோவில் இருக்கிற மீனுக்குக் கண் வளர்ந்தது. அது பார்த்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உன்னிடம் அதைச் சொல்லாமல் விட்டேன், போட்டோ நன்றாக இருந்தது என்பதால்.

எனக்குத் தெரிந்ததில் உங்களுக்கு உதவுகிற ஒன்றே ஒன்று இதுதான், டீச்சருக்கு அப்படியே படித்துக் காட்டு. அவள் செய்த எதனாலும் இது வரவில்லை. சாப்பிட்டது, நடந்தது, மாடிப்படி ஏறியது, எதுவும் இல்லை. நாள் தள்ளிப்போய்விட்டதோ என்று அவளுக்கு முதல் சந்தேகம் வந்த நேரத்திலேயே கண் வேலை தொடங்கியாகிவிட்டது. நீங்கள் உறவுக்காரர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அது முடிந்தும் போயிருக்கும்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

இரண்டு நாள் உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வேலையிடத்தில் ஒரு மேஸ்திரி "இனிமே முடியாதுப்பா" என்றார். வழக்கமாகச் சண்டை போடுவேன். அன்றைக்குச் சரி என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

உனக்கு என்மேல் இரக்கம் இருந்திருந்தால் பிப்ரவரியிலேயே முடியாது என்று எழுதியிருப்பாய். கேட்டுப் பார்க்கிறேன் என்று நீ எழுதியதை நம்பி இங்கே ஒருத்தி சாப்பிட்டாள், தூங்கினாள், பெட்டி கட்டினாள். கட்டிய பெட்டியைப் பிரிக்கும்போது நீ பக்கத்தில் இல்லை, நான்தான் இருந்தேன்.

அவள் தப்பு இல்லை என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். நிம்மதியாவாள் என்று நினைத்தேன், உடைந்துபோய் அழுதாள். அறைக்குப் பெயின்ட் அடித்தபோது நின்று பார்த்தாளாம், அந்த வாடையால்தான் என்று இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறாள். "என் தப்பா இருந்தா பிள்ளைகிட்ட மன்னிப்பாவது கேட்டிருப்பேன். இப்ப அதுகூட இல்லையே" என்றாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விளக்கை மறுபடி கழற்றிவிட்டேன். இந்தத் தடவை அவள் சொல்லவில்லை, நானாகத்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், இதற்காவது நல்ல பதிலாகச் சொல். மீனுக்குக் கண் போனது, வாய் பெரிதானது என்று எழுதியிருந்தாய். ஒன்று போனால் ஒன்று வரும் என்றுதானே அதற்கு அர்த்தம்? டீச்சரும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறாள். என் பிள்ளைக்கு எது பெரிதாக வரும் அக்கா? காதா, கையா, மூளையா? ஏதாவது ஒன்று வந்திருக்குமே.

ஃப்யூஸ்


ஏப்ரல் 2

தம்பி,

நீ திட்டியது சரி.

ஆமாம் என்று ஒரு வரி எழுதிவிட எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? எழுதினால் நீ நம்புவாய். போன தடவை செய்ததையே நான் மறுபடி செய்ததாக ஆகும்.

ஈடாக எதுவும் வராது. குகை மீனின் கணக்கு ஒரு மீனின் கணக்கு இல்லை. அந்தக் குகையில் கண்ணும் போய், வாயும் வளராமல், பசியில் செத்த மீன்கள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றை யாரும் பார்க்கவில்லை. செத்தவை போக மிஞ்சியதன் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் தொட்டியில் நீந்துகின்றன, அதைப் பார்த்துவிட்டு நாங்கள் ஒன்று போய் ஒன்று வந்தது என்று எழுதுகிறோம். கொடுத்து வாங்கியவர் யாரும் அங்கே இல்லை. உன் பிள்ளைக்கு நடந்தது ஒரு இடத்தில் ஒரு சொல் பிசகியது, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக எங்கேயும் எதுவும் கூடவில்லை.

காதும் கையும் பழகும். நன்றாகவே பழகும். அது அந்தப் பிள்ளை பாடுபட்டுப் பழகுவது. யாரோ பார்த்துக் கொடுத்தது என்று நினைத்துவிடாதே.

இவ்வளவு படித்தேனே, எதற்குப் படித்தேன் என்று தினமும் தோன்றுகிறது. ஏன் நடந்தது, எங்கே நடந்தது என்று விரல் வைத்துச் சொல்லத் தெரிகிறது. அந்த விரலை வைத்து வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. பிரசவத்துக்கு நான் வரட்டுமா? துணி துவைப்பேன், ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

பெண். முந்தாநாள் காலையில். தலை நிறைய முடி, அழுதால் தெருக்கோடி வரை கேட்கிறது. டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார். ஸ்கேன் சொன்னதுதான்.

வராதே. கோபத்தில் எழுதவில்லை. நீ வந்து நின்றால் டீச்சர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், ஏதாவது சொல்ல மாட்டாயா என்று. உனக்கும் தாங்காது, அவளுக்கும் தாங்காது. கொஞ்ச நாள் போகட்டும். கடிதமும் கொஞ்ச நாள் போகட்டும்.

ஃப்யூஸ்


ஜூலை 9

தம்பி,

கடிதம் வேண்டாம் என்றாய், இரண்டு எழுதினேன், பதில் இல்லை. இது மூன்றாவது. இதற்கும் பதில் வேண்டாம்.

போன வாரம் மறுபடி லென்ஸ் வைக்கிற வேலை. கை நடுங்கும், செய்ய முடியாமல் எழுந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கொஞ்சம்கூட நடுங்கவில்லை. சுத்தமாக எடுத்துச் சுத்தமாக வைத்தேன். இன்றைக்குக் காலையில் தொட்டியில் பார்த்தால் ஒரு பக்கம் கண் வளர்ந்து நிற்கிறது. யாரும் கேட்காத ஒரு மீனுக்கு. தொட்டி அறையை விட்டு வெளியே வந்து கழுவுமிடத்தில் நின்று அழுதேன். பக்கத்து ஆய்வகத்துக்காரர் மருந்து கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்துக் குழாயைத் திறந்துவிட்டார்.

மருமகள் எப்படியிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை வந்ததும் நீயே சொல்.

அக்கா


செப்டம்பர் 14

மீன்கார அக்காவுக்கு,

உன் மூன்று கடிதமும் வந்தன. படித்தேன். எழுத உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். கடைச் சுவரில் இருந்த போட்டோவை எடுத்துவிட்டேன், கிழிக்கவில்லை.

தொட்டில் அறையில் விளக்கைக் கழற்றியபோது ஒயரையும் உருவிவிட்டேன். சுவரில் சுவிட்ச் மட்டும் நின்றது. அதையும் எடுத்தால் ஓட்டையை மூட வேண்டும், சோம்பலில் விட்டுவிட்டேன். போன வாரம் உன் மருமகள் நிறுத்தாமல் அழுதாள். தூக்கி வைத்துக்கொண்டு உலாத்திப் பார்த்தேன், பாடிக்கூடப் பார்த்தேன், என் பாட்டுக்கு அழுகை கூடத்தான் செய்தது. தொட்டிலில் விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தபோது கை அந்தச் சுவிட்ச்மேல் பட்டது. டக் என்றது. அழுகை நின்றது. தலை அந்தப் பக்கம் திரும்பியது. அணைத்தேன், மறுபடி டக். கையை நீட்டினாள்.

அப்புறம் அதே வேலையாக நின்றேன் அக்கா. எலக்ட்ரீஷியன், பின்னால் ஒயரே இல்லாத சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு. டீச்சர் வந்து வாசலில் நின்று பார்த்தாள். பைத்தியமா என்று கேட்பாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து என் கையை எடுத்துவிட்டு அவள் போட்டாள். பிள்ளை திரும்பியது. ரொம்ப நேரம் அவளே போட்டுக்கொண்டிருந்தாள்.

இது உன் மீனுக்கு வந்த வாய் மாதிரி இல்லை, எனக்குத் தெரியும், அதை எழுதி அனுப்பிவிடாதே. ஐந்து மாதத்தில் எல்லாப் பிள்ளையும் சத்தத்துக்குத் திரும்புமாம், டாக்டர் சொல்லிவிட்டார். டீச்சருக்கும் தெரியும்.

இருந்தாலும் நேற்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "உங்க அக்காவுக்குப் போன் போடுங்க" என்றாள். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். "ஸ்பீக்கர்ல போடுங்க. அவங்க குரலுக்குத் திரும்புறாளான்னு பார்க்கணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீயே பண்ணு, எடுக்கிறேன். என்ன பேசுவது என்று யோசித்து வைக்காதே. உன்னிடம் கேட்க எங்களுக்கும் ஒன்றும் மிச்சமில்லை. நிறுத்தாமல் பேசினால் போதும். மீனைப் பற்றியே பேசு.

ஃப்யூஸ்